லொறிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

என் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அந்தக் காலோடுதான் நான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையையே ஜெயித்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டிச் சீமையில், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து கொழுந்தைப் பெக்டரிக்குக் கொண்டுபோக ஒரு சின்ன லொறி இருந்தது. அதன் பிரேக் பேருக்குத்தான். மேட்டில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைகொடுப்பார்கள்.

அந்த வருடம் கொழுந்து மண்டிக் கிடந்ததால் ஆயுத பூசைக்கு லீவு இல்லை என்றுவிட்டார் துரை. எங்களுக்கா மனசு கேட்கும்? கொழுந்துச் சாக்குகளை ஏற்றிவிட்டு டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், லொறிக்குச் சந்தனம் பூசினோம். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். பின்சக்கரத்தில் கல் இடைஞ்சலாக இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழத்தை வைத்தவள் நான்தான். கொழுந்து ஏற்றிய லொறியை ஒரு எலுமிச்சம்பழம் தாங்கும் என்று நம்பிய அறிவாளி! லொறி பின்னால் உருண்டு, என் காலில் ஏறி, மண்மேட்டில் முட்டி நின்றது.

கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, கம்பு ஊன்றித் திரும்பினேன். கணக்கப்பிள்ளை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டு துரையின் மேசையில் எழுதிக் கிடந்தது. அதை வாங்கினால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். புருஷனில்லாத நான் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவேன்? பயந்துபோனேன்.

“வேலையில அடிபட்டா தோட்டம் பாத்துக்கும். இவ பூசை பண்ணி அடிபட்டவ, தொரைகளே,” என்றார் கணக்கப்பிள்ளை. துரையும் தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் எங்கே போனதோ தெரியாது.

“பூசைதாங்க, தொரைகளே. அப்ப லொறி நெறைய கொழுந்து எதுக்குங்க இருந்துச்சு? எங்க சாமிக்கு அவலும் கடலையும்தான் படைப்போம். கொழுந்து படைக்கிறதில்லைங்க. லீவு குடுத்திருந்தா, வெறும் லொறிய சமதரையில நிப்பாட்டி கும்புட்டிருப்போம்.”

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

“இந்தக் காலோட என்ன வேலை செய்வே?” என்று துரை கேட்டார்.

“பெக்டரியில ஒக்காந்து தேயிலையில குச்சி பொறுக்குவேங்க. கையி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு.”

துரை சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

மறுநாள் விடிகாலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றோம். என் பேரைக் கணக்கப்பிள்ளையே வாயைத் திறந்து கூப்பிட வேண்டியிருந்தது. மேல்மலைக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன்: “இருக்கேன்!”