சியாலா அக்கா சொட்டுச் சொட்டாக ஊற்றிய மருந்து

சியாலா அக்கா முப்பத்தோரு வருடம் சாக்கடைத் தண்ணீர் அள்ளினார். திபிலீசியில் ஆஸ்பத்திரிக் கழிவு குரா ஆற்றில் கலக்கும் இடத்தில், பனியோ மழையோ, காலையிலேயே வாளியும் கயிறுமாக நிற்பார். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டிய ஃபேஜ் கிடைக்கும். பாக்டீரியாவைத் தேடிப் பிடித்துக் கொல்லும் வைரஸ் அது. ஆறாத புண்ணுக்கு அதுதான் மருந்து. எங்கள் ஊரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கழுத்தை உடைத்துத் திறக்கும் அந்தக் கண்ணாடிக் குப்பி நாலு இருக்கும். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த வாரமே என் மானத்தை வாங்கினார். "ரெண்டு பட்டம் வாங்கியிருக்கே, ஒரு குப்பியோட கழுத்தை உடைக்கத் தெரியலியே ரேஸோ!" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த வாயாடியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி பாத்ரி. டிராலி பஸ் ஓட்டுநர். ஊருக்குள் துப்பாக்கிச் சண்டை நடந்த குளிர்காலத்தில், சிதறிய கண்ணாடி அவன் கெண்டைக்காலில் ஏறியது. புண் ஆறுவது போல் ஆறி மறுபடி கசியும். அக்கா, தானே கண்டெடுத்த முப்பத்தொன்பதாம் எண் ஃபேஜை வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றினார். ஆய்வகத்தை விட்டு வெளியே போகாத சரக்கு அது. புண் காய்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு குப்பியை நாலு நாளைக்குப் பிரித்துத் தினமும் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"என் காலு என்ன உன் பூச்செடியா? தினம் தண்ணி ஊத்துறே?" என்பான் பாத்ரி.

"பேசாம நீட்டுடா."

அடுத்த ஜனவரியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் ஐந்து நாளாக மின்சாரம் இல்லை. மறுபடி திறந்த புண்ணில் பச்சைச் சீழ், அதில் திராட்சை வாசனை. நோயாளியின் கிருமி மேல் மருந்தைச் சோதித்துப் பார்த்த பிறகே கொடுப்பது எங்கள் வழக்கம். சோதிக்கக் கரண்ட் இல்லை. தேவை என்று அவருக்குத் தோன்றவும் இல்லை, ஏற்கெனவே புண்ணை ஆற்றிய மருந்துதானே. குப்பி குப்பியாக ஊற்றினார். ஒன்பதாம் நாள் பாத்ரி இறந்தான். மின்சாரம் எட்டிப்பார்த்த ஒரு மணி நேரத்தில், ஆய்வக வழக்கப்படி அவன் சீழை உலர்த்தி, குப்பியில் அடைத்துப் பெயர் எழுதி வைத்திருந்தார். அந்த நிலையிலும் வேலை சுத்தம்.

"கரண்ட் இல்லாம ஃப்ரிட்ஜ் நின்னு மருந்து செத்துப்போச்சு. கூடவே என் தம்பியும்" என்று இருபத்துநாலு வருடம் சொன்னார். விளக்கு அணையும் போதெல்லாம் மந்திரிகளைத் திட்டித் தீர்ப்பார். நானும் அதையே நம்பினேன்.

என் ஆராய்ச்சி பாக்டீரியாவின் எதிர்ப்புச் சக்தி பற்றியது. தாக்கிய வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை எடுத்துப் பாக்டீரியா தன் மரபணுவிலேயே செருகிக்கொள்ளும். அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு வெட்டிப்போடும். அப்படி வெட்டும் கத்தரியை எடுத்துத்தான் இன்று எல்லோரும் மரபணுவைத் திருத்துகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சியாலா அக்கா என் உரைகளுக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவார்.

புதுக் கத்தரி தேடிப் பழைய குப்பிகளை உயிர்ப்பித்தபோது பாத்ரியின் குப்பியும் வந்தது. அந்தக் கிருமிக்குள் ஐந்து துண்டுகள் இருந்தன. ஐந்தும் முப்பத்தொன்பதாம் எண் ஃபேஜினுடையவை. அன்று மிச்சமான அதே பெட்டி மருந்தை, அந்தத் துண்டுகள் இல்லாத அதே வகைக் கிருமி மேல் விட்டேன். மறுநாளைக்குள் கொன்று தீர்த்திருந்தது.

ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பினேன். எவ்வளவு காலம், என்ன அளவில் இந்த வைரஸ் கொடுக்கப்பட்டது என்று கேட்டார்கள். தெரியாது என்று எழுதியிருக்கலாம். எனக்குப் புகழ் வேண்டியிருந்தது, அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் அடுப்பில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாத்ரிக்கு முப்பத்தொன்பதை எத்தனை நாள் ஊத்தினீங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கிற மூஞ்சியாடா இது? அவன் குப்பியைத் திறந்தியா?"

"திறந்தேன்."

கரண்டி நின்றது. "எத்தனை துண்டு?"

"அஞ்சு."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். "பத்து மாசம். ஒரு குப்பி நாலு நாளைக்கு. ஜூலையில ரெண்டு வாரம் கிடையாது, கடலுக்குப் போயிருந்தான். எழுதிக்கோ."

எழுதினேன். அந்த ஜூலையைக்கூட விடவில்லை. எழுதிய கையை இன்றும் வெறுக்கிறேன்.

"மருந்து கெட்டிருந்துதா?"

"இல்ல."

"நான் அந்தப் பத்து மாசம் ஊத்தாம இருந்திருந்தா?"

ஒரு பொய் போதும். ஆனால் முப்பத்தோரு வருடம் அந்த வேலை பார்த்தவரிடம் எந்தப் பொய் நிற்கும்?

"அந்த ஜனவரியில மருந்து வேலை செஞ்சிருக்கும், அக்கா" என்றேன்.