ஐஸில் வந்த ரத்தம்

அக்காவின் ரத்தத்தை அத்தான் மீன் பெட்டியில் உப்பு கலந்த ஐஸ் நிரப்பிக் கொண்டுவந்தார். பனச்சமூடு சந்தையில் மீன் வியாபாரம் செய்பவர். கெடக்கூடாத எதையும் ஐஸில் போட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பாறசாலையில் பஸ் மாறி, திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த லேபுக்கு வந்து, குழாயைப் பெருமையாக நீட்டினார். ரத்தம் பாதி ஐஸ்கட்டியாக உறைந்திருந்தது.

தொண்ணூறுகளில்தான் எங்கள் லேபுக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி வந்தது. ஒவ்வொரு வகை வெள்ளணுவின் மேலும் தனி அடையாளங்கள் உண்டு. அவற்றில் போய் ஒட்டுகிற ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துவிட்டால், லேசர் படும்போது வரும் வெளிச்சத்தை வைத்து வகையைச் சொல்லிவிடலாம். அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்பது முன்பே தெரியும். எந்த வெள்ளணு கெட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து முடிவாகும். ஆனால் ஐஸில் உறைந்து செத்த அணு கண்ட ஆன்டிபாடியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். திரையில் எல்லாமே ஒளிர்ந்தன. அதை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை.

மறுபடி எடுக்க வேண்டும் என்று அத்தான் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவருடைய அம்மா ஒப்பவில்லை. ரத்தமே இல்லாதவளிடம் இன்னும் எதை எடுப்பது, எந்த வகையானால் என்ன, சாவு ஒன்றுதானே என்றார். ஜெபிக்க வந்திருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவுக்கு நாள் குறிக்க நீங்க யாராக்கும்?" என்று கேட்டேன்.

அந்த வீட்டில் அந்த அம்மாவை எதிர்த்து யாரும் பேசியதில்லை. என்னை வெளியே போகச் சொன்னார். நான் நகரவில்லை. படுத்திருந்த அக்கா கையை நீட்டினாள்.

"நீ எடு மக்கா. எனக்க ரெத்தமாக்கும், நான் தாறேன்."

எடுத்தேன். ஐஸ் இல்லாமல், கைப்பையில் வைத்து, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை திரையில் ஒரு கூட்டம் தனியாகப் பிரிந்து நின்றது. பி வகை வெள்ளணுக்கள். மருந்து தொடங்கினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, ஆனாலும் எழுந்து உட்கார்ந்தாள்.

சில வருடங்களில் நோய் திரும்பி வந்து அவளைக் கொண்டுபோயிற்று. இந்தக் கொஞ்ச காலத்துக்காகவா அவளை அத்தனை பாடு படுத்தினாய் என்று அடக்கத்துக்கு வந்த ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். நோய் வந்தபோது அக்காவின் மகள் கைக்குழந்தை. இன்று அவளிடம் கேளுங்கள், அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று அவளே சொல்வாள்.