நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தலைப்புகள்

ஜாப் டைப்பிங் வேலையில் முதல் பாடமே, வந்தவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான். அந்தப் பாடத்தில் நான் கடைசி வரை தேறவில்லை.

எண்பதுகளில் விழுப்புரத்தில், ஒரு மாடியில் நடந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். காலையும் மாலையும் லோயர், ஹையர் பரீட்சைக்குப் பிள்ளைகள் வருவார்கள். நடுவில் வெளிவேலை. மே, ஜூன் வந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பங்கள்தான். சில வெளியூர்க் கல்லூரிகளுக்கு மார்க் மட்டும் போதாது. "கீழ்க்கண்ட தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி இணைக்கவும்" என்று கேட்டிருப்பார்கள். அந்த வரியைப் பார்த்ததும் பிள்ளைகள் தாளை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். "எது ஈசியோ அத நீங்களே போட்டுடுங்கக்கா." நானும் போட்டுவிடுவேன். நீங்களும் யாருக்காவது இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த ஆளை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தால், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் மதிக்கும் மனிதர்

முதல் வருஷம் கெடாரிலிருந்து தனசேகர் வந்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். விவசாயப் படிப்புக்கு விண்ணப்பம். நாலு தலைப்பு இருந்தது. 'நான் மதிக்கும் மனிதர்' என்பதை நான்தான் டிக் செய்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தேசத் தலைவரைப் பற்றி நான் உருப்போட்ட ஆங்கிலக் கட்டுரை அப்படியே நினைவில் இருந்தது. மளமளவென்று அடித்தேன். அந்த வாரம் அதே கல்லூரிக்கு இன்னும் நாலு பேர் வந்தார்கள். அவர்களும் அதே தலைவரைத்தான் மதித்தார்கள்.

இன்டர்வியூ முடிந்து தனசேகர் நேராக எங்கள் மாடிக்கு வந்தான். மேஜை மேல் அஞ்சு தாளையும் வரிசையாகப் பரப்பி, "இதில் உன்னுடையது எது?" என்று கேட்டார்களாம். எல்லாம் ஒரே மெஷின், எல்லாவற்றிலும் ஒரே எழுத்து மை அடைத்துப் போயிருந்தது. அவனால் காட்ட முடியவில்லை. "நீ யாரப் பத்திப்பா எழுதணும்னு நெனச்சே?" என்று அப்போதுதான் கேட்டேன். "எங்க சித்தப்பாவப் பத்திங்க. கெணறு வெட்டும்போது ஒரு காலு போயிடுச்சி. கட்டைய ஊணிக்கினே ஏர் ஓட்டுவாரு. அத சொல்லத்தான் வந்தேன், நீங்கதான் கேக்கவே இல்லியே."

மறக்க முடியாத நாள்

அடுத்த வருஷம் தலைவரைக் கைவிட்டேன். அப்போது ஒரு பையன், பரீட்சைக்கு முந்தின நாள் அப்பா இறந்ததையும், மறுநாள் போய்ப் பரீட்சை எழுதியதையும் சொன்னான். சொன்னதையே அடித்துக் கொடுத்தேன். சீட்டு கிடைத்தது. எங்கள் மாஸ்டர், அதாவது இன்ஸ்டிட்யூட் முதலாளி, "ராசியான பேப்பரும்மா, கார்பன் காப்பிய பத்திரமா வை" என்றார். வைத்தேன். வைத்தது போதாதென்று, தலைப்பு தெரியாமல் விழித்த இன்னொரு பையனுக்கு ஊர் பெயரை மட்டும் மாற்றி அதையே அடித்தும் விட்டேன்.

தாளை வாங்க அந்தப் பையன் வரவில்லை, அவன் அப்பா வந்தார். தபால்காரர், ஆங்கிலம் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியாது. நின்றபடியே, விரலை வரியோரம் வைத்து முழுசும் படித்தார். எனக்குக் காது சுட்டது. அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே அப்பாவைப் பறிகொடுத்தவனின் துக்கத்தை அச்சுப் போட்டு விநியோகிக்கிறோமே என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் இருக்குதும்மா. காரியம் என்னிக்கின்னு போடலியே?"

நான் தோற்ற சமயம்

திருவாமாத்தூரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும். 'நான் தோற்ற சமயம்' என்ற தலைப்பைத்தான் எழுதுவேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள். பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி, தானே உட்கார்ந்து படித்து, இரண்டாம் முறை நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்தார். "பொண்ணு பாக்க வர்றவங்க காதுல வுழுந்தா இன்னா ஆவறது?" நான் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு, 'என் ஊர்' என்ற தலைப்பில் கோயிலைப் பற்றி அடித்தேன். அந்தக் கல்லூரி அவளைக் கூப்பிடவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கோயில்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கையெழுத்துப் போடும்போது அவள் தலை நிமிராமல் சொன்னது இன்னும் கேட்கிறது: "ரெண்டாவது தபா பாஸ் பண்ணது நானுங்க. அத வுட்டுட்டு கோபுரத்த எழுதிக்கினு இருக்கீங்க."

நான் ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறேன்

மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த அமலாவைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. நர்சிங் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பம். மற்றவர்களைப் போலத் தாளைத் தள்ளவில்லை. தமிழில் தானே ஒன்றரைப் பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு 'மறக்க முடியாத நாள்'.

பன்னிரண்டு வயதில், அம்மா நடவுக்குப் போயிருந்த நேரத்தில், இருமல் மருந்து என்று நினைத்து மூணு வயசுத் தம்பிக்கு மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டாள். தெரிந்ததும் தம்பியையும் அந்தப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, பால்காரர் சைக்கிளில் ஏறி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். அடிப்பார்களோ என்று பயந்தும் உண்மையைச் சொன்னாள். அங்கிருந்த நர்ஸ் திட்டவில்லை. "வாந்தி எடுக்க வெக்காம கொண்டாந்தியே, பாட்டிலையும் எடுத்தாந்தியே, நல்ல காரியம் பண்ணே" என்றாராம். அன்றைக்கு முடிவு செய்தது, நர்ஸ் ஆவதென்று.

படித்துவிட்டு, முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். இருந்தும் நான் சொன்னது வேறு. "நர்ஸ் படிப்புக்குப் போற பொண்ணு, தம்பிக்கு மண்ணெண்ண குடுத்தேன்னு எழுதினா யாரு சேத்துக்குவாங்க?" அவள் தன் தாளை நாலாக மடித்துக்கொண்டே, "நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்றாள். நான் தலைப்பை மாற்றி, சேவை, கருணை, தியாகம் என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு பக்கம் அடித்தேன். ஒரு தப்பு இல்லை, ஒரு ரப்பர் அழிப்பு இல்லை. இன்டர்வியூவில் அந்தச் சொற்களுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறார்கள். அவள் முழித்தாள். சீட்டு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவளே வந்து என் கையைப் பிடித்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலையாம். தம்பி பள்ளிக்கூடம் போகிறானாம். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள், என்னைத் தேற்றுகிற மாதிரி சிரித்தாள். "அந்த பேப்பர்ல இருந்த பொண்ணுக்கு நானே சீட்டு குடுத்திருப்பேங்க்கா. ஆனா இன்டர்வியூக்கு போனது நானாச்சே."

என் முறை

மாஸ்டர் திண்டிவனத்தில் கிளை திறந்தபோது என்னை அங்கே அனுப்பினார். அதற்குள் தபாலில் பி.ஏ. முடித்திருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கினேன். அதிலும் ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள், நாலு தலைப்போடு.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் மதியம், ஆள் இல்லாத நேரத்தில் தாளைச் சொருகினேன். 'மதிக்கும் மனிதர்' என்று அடித்தேன். கட்டை ஊன்றி ஏர் ஓட்டுகிறவர் வந்து நின்றார். 'மறக்க முடியாத நாள்' என்று அடித்தேன்; அமலா பாட்டிலோடு ஓடினாள். 'தோற்ற சமயம்' என்று அடித்துவிட்டு, எதை எழுதுவது, எதை விடுவது என்று உட்கார்ந்திருந்தேன். நாலாவதையும் அடித்துப் பார்த்தேன். என்னுடையது என்று ஒரு வரியும் வரவில்லை. மறுநாள் கடைசித் தேதியும் போய்விட்டது. வழக்கம்போலக் கிளையைப் பார்வையிட வந்த மாஸ்டர், மெஷினில் தொங்கிய தாளைப் பார்த்தார். "தலைப்பு மட்டும் நாலு இருக்குது, கீழ ஒண்ணத்தையும் காணோம். ரிப்பன் போயிடுச்சாம்மா?"

ஆமாம் மாஸ்டர் என்று சொல்லி நல்ல ரிப்பனையே கழற்றி வேறு மாற்றினேன். என் கதை என்று நான் சொன்னது அந்த ஒரு பொய்தான்; அதையும் எடுத்துக் கொடுத்தது மாஸ்டர்.