லீட்ஸில் ஓர் அண்ணாச்சி கடை

போன வாரம் விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடைக்கு என் மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் போனேன். பையில் வெந்நீர் பாட்டில், வீட்டு ஸ்பூன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டப்பா தயிர்ச்சாதம். எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்து, காகிதத்தில் வைத்து நான் ஒற்றிக்கொண்டிருக்கும்போதே, பரிமாறுகிறவர் வாளியோடு வந்து கேட்காமலே சால்னாவை ஊற்றிவிட்டார்.

“என்னக்கா, பரோட்டாவுக்குக் கட்டுப் போடுறீகளா? விடுங்க, ஊறட்டும்.”

மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வந்துவிட்டது. சால்னா வாளிக்கும் இங்கிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

என் பிறந்த வீட்டுக்குச் சிவகாசியில் அச்சகம். பட்டாசுப் பெட்டிகள்தான் முக்கிய ஆர்டர். பெட்டி செய்வதையே படிப்பாகப் படிக்கலாம் என்று கண்டுபிடித்து, ஒரு வருடம் லீட்ஸ் நகரத்துக்குப் போகிறேன் என்றேன். அப்பா உடனே சரி என்றார். அம்மா, கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைப் பேப்பர் குடோனுக்குக் கூட்டிப்போய் எடை மெஷினில் நிறுத்தினாள். ஐம்பத்திரண்டு கிலோ.

“நாப்பத்தொம்பதுக்குக் கீழ போச்சுன்னா படிச்சது போதும்னு டிக்கெட் போட்டுக் கூப்பிட்ருவேன். அங்கன போயி பன்னைத் தின்னுக்கிட்டுக் கெடக்கக் கூடாது.”

“பேப்பர் லோடைக்கூட நான் இம்புட்டுக் கெடுபிடியா எடை போட்டு எறக்குனதில்ல” என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. என் பெட்டியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்துவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளும் எடை மெஷின் ஒன்றை உள்ளே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் நான் அதில் ஏறி நிற்க வேண்டும், முள் தெரிய வேண்டும்.

சமைத்துச் சாப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் வாரமே விடுதிச் சமையலறையில் சாம்பாருக்குத் தாளித்தேன். புகைக்கு அபாய மணி அடித்து, கட்டடம் முழுக்கக் காலியாகி, தீயணைப்பு வண்டி வந்தது. அத்தனை பேரும் குளிரில் போர்வையோடு நின்று என்னைப் பார்த்தார்கள். பட்டாசு ஊர்க்காரி, கடுகு வெடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு அடுப்புப் பக்கம் போக எனக்குத் தைரியமில்லை.

ஆகவே கடைகள். மார்க்கெட்டில் ஒரு நூடுல்ஸ் கடை இருந்தது. அட்டைப் பெட்டி ஒன்றைக் கொடுப்பார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம், மூடி மூடினால் போதும், ஒரே விலை. தீபாவளி சீசனில் சரவெடி, சங்குசக்கரம், மத்தாப்பு என்று ஒரு கிஃப்ட் பாக்ஸுக்குள் இண்டு இடுக்கு விடாமல் அடுக்கிப் பழகிய கை என்னுடையது. அடியில் கோழித் துண்டுகள், ஓரத்தில் சுவர் மாதிரி காய்கறி, நடுவில் நூடுல்ஸ். கடைக்காரப் பெண் என் பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்ப்பாள். ஒன்றும் ஆடாது. பல்கலைக்கழகத்தில் கற்றதைவிட அங்கே செய்துகாட்டியது அதிகம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் என்னைக் காப்பாற்றியது அந்தக் கடை இல்லை. விடுதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, குர்திஸ்தான்காரர் ஒருவர் நடத்திய சோற்றுக் கடை. அறுபது வயது, வெள்ளை மீசை. ஒரு தட்டுச் சோறு வாங்கினால் பருப்பு சூப்பும் ரொட்டியும் டீயும் இலவசம், கேட்கக் கேட்க வரும். நம் ஊர் சால்னா கணக்குத்தான்.

முதல் நாள் சூப்பைக் குடித்து முடித்தேன். நிரப்பினார். குடித்தேன். மறுபடி நிரப்பினார். மிச்சம் வைப்பது எங்கள் வீட்டில் குற்றம். விருந்தாளி முன் கிண்ணம் காலியாக இருப்பது அவர் ஊரில் குற்றம் போலிருக்கிறது. நான்காவது கிண்ணத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. போதும் என்று எப்படிச் சொல்வது? பந்தியில் இலையை மடக்குகிற பழக்கத்தில், மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துத் தட்டின் மேல் மரியாதையாக மடித்து மூடினேன். அவர் பதறிப்போய் ஓடி வந்தார். ரொட்டி ஆறிவிட்டது என்று புகார் செய்கிறேன் என நினைத்து, சுடச்சுட இரண்டு புது ரொட்டி வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரியில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மெஷினில் ஏறினால் நாற்பத்தொன்பது காட்டியது.

“கோட்டைக் கழட்டிட்டு ஏறு.”

கழற்றினேன். நாற்பத்தேழரை. அம்மா அப்பா பக்கம் திரும்பி, “என்னங்க, டிக்கெட்டப் பாருங்க” என்றாள்.

படிப்பு முடிய ஏழு மாதம் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, போனைத் துண்டிக்காமல் குர்திஸ்தான்காரர் கடைக்கே ஓடினேன். அழுகையும் அரைகுறை ஆங்கிலமுமாக அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனை வாங்கி, நெஞ்சில் கைவைத்து அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“அண்ணாச்சி, சொகமா இருக்கீகளா? பிள்ளை குச்சியாப் போச்சு, பாத்தீகளா?”

அவர் தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அம்மா, “அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றாள். அவர் சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து போனில் காட்டினார்.

“அந்த மூணாவது சட்டி என்னது, கறியா? ரெண்டு கரண்டி சேத்து வைங்க அண்ணாச்சி.”

“அம்மா, போதும்மா.”

“நீ சும்மா இரு. பெரியவுக பேசிக்கிட்டு இருக்கோம்ல.”

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது. கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னாள்: “அந்த அண்ணாச்சி இருக்க மட்டும் நீ அங்கன இருந்துக்க.”

மே மாதத்தில் ஒரு நாள் கடை பூட்டியிருந்தது. மகனோடு இருக்க வேறு ஊர் போகிறார் என்று கதவில் ஒரு தாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அதைவிட, அம்மாவின் உத்தரவுப்படி நான் அன்றே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. செப்டம்பர் வரை நூடுல்ஸ் பெட்டியை இன்னும் இறுக்கி அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் “அண்ணாச்சி இன்னைக்கு என்ன போட்டாக?” என்று அம்மா கேட்க, நான் சூப்பு, ரொட்டி, கறி என்று ஒப்பித்தேன். ஐம்பது கிலோவோடு ஊர் வந்து இறங்கினேன். “அம்புட்டும் அண்ணாச்சி புண்ணியம்” என்றாள் அம்மா.

இப்போது அங்கே படிக்கிற சித்தி மகள் அந்தத் தெருவைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். சோற்றுக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். நூடுல்ஸ் கடையும் இல்லை.

உண்மையை அம்மாவிடம் சொல்லிவிடலாம்தான். பட்டமும் வாங்கி, கல்யாணமும் ஆகி, பிள்ளையும் பெற்றாயிற்று. ஆனால் வருடம் பிறந்ததும் எங்கள் அச்சகத்துத் தினசரி காலண்டர் ஒன்றை, ‘லீட்ஸ் அண்ணாச்சி’ என்று பென்சிலில் எழுதி அவள் என்னிடம் தருகிறாள், தபாலில் அனுப்பச் சொல்லி. என் பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் ஏழு காலண்டர்கள் இருக்கின்றன. ஒரு தாள்கூடக் கிழிபடவில்லை.

நேற்றுகூடப் போனில் கேட்டாள். “நம்ம காலண்டரை அண்ணாச்சி தெனமும் கிழிக்காகளா?”

“கிழிக்காகம்மா” என்றேன்.