நான் சொன்ன ‘ஆமா’

நான்கு வருடங்களுக்கு முந்தைய மார்கழி. டெல்லி ஆர்.கே.புரத்தில், என் கணவருக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்த வருடம் அப்படி ஒரு மூடுபனி. காலை ஒன்பது மணிக்குக்கூட எதிர் பிளாக் தெரியாது. வாசல் வேப்பமரம் பாதி தெரியும், பாதி கரைந்திருக்கும். மனிதர்கள் வெள்ளைக்குள்ளிருந்து வந்து, நாலடி நடந்து, மறுபடியும் வெள்ளைக்குள் போய்விடுவார்கள். அந்த நாட்கள் எல்லாமே அரைத்தூக்கத்தில் பார்த்ததுபோலத்தான் இன்றும் எனக்கு ஞாபகம்.

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபம் நடக்கும். ஐந்தாறு பேர் கூடுவோம். நான் நாகர்கோவில்காரி, நாலு தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். கிட்வாய் நகரிலிருந்து என்னைவிட இளையவள் ஒருத்தி புதிதாக வர ஆரம்பித்திருந்தாள். கும்பகோணம் பக்கம். முப்பது வயதுக்கு மேல், தானாகவே ஆண்டவரைத் தேடி வந்தவள். அவள் கோயில் பிரசாதம் மட்டும் சாப்பிட மாட்டாள். யார் நீட்டினாலும் கைகூப்பி, மெதுவாக “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிடுவாள்.

எனக்கு அது விசுவாசக் குறைவாகப் பட்டது. எங்கள் மாடிவீட்டு அக்கா மார்கழி முழுக்க முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, எனக்கும் பிரசாதம் கொண்டுவருவார். நான் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுவேன். சாப்பாட்டில் என்ன இருக்கிறது, எல்லாம் கடவுள் கொடுத்ததுதானே என்பது என் கட்சி.

ஒரு சனிக்கிழமை அவர் ஒரு டப்பா வெண்பொங்கலோடு வந்து, “ஜல்தி சாப்பிட்டுடுங்க, ஆறிடும்” என்று கொடுத்துவிட்டுப் போனார். ஜெபம் முடிந்ததும் அதையே எல்லோருக்கும் தட்டில் வைத்தேன். அவள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா, இது வீட்ல செஞ்சதுதானே?”

“ஆமா, சாப்பிடும்மா.”

யோசிக்கவே இல்லை. அத்தனை சுலபமாக வந்துவிட்டது அந்த ‘ஆமா’. இவள் பயத்தை இன்றைக்குத் தீர்த்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு குஷி வேறு. அவள் குளிரில் விறைத்த விரல்களால் முழுவதையும் சாப்பிட்டாள். கடைசி வாய் உள்ளே போனதும் சொன்னேன்: “பாத்தியா, கோயில் பொங்கல்தான். ஒண்ணும் ஆகல இல்ல?”

இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தட்டைக் கழுவி வைத்தாள், சால்வையைப் போர்த்திக்கொண்டாள், “வரேங்க்கா” என்றாள். ஜன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரம்வரை அவள் சால்வையின் சிவப்பு தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் செய்தால், “உடம்பு சரியில்லக்கா” என்று இரண்டே வார்த்தை. ‘ரொம்பத்தான்’ என்று நானும் இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம்தான் எங்களில் ஒருத்தி சொன்னாள், அவள் ஞாயிறு ஆராதனைக்கும் போவதை நிறுத்திவிட்டாளாம். பைபிளைத் திறந்தாலும் எழுத்து மனதில் ஏறவில்லை. அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ் பனிக்குள் ஊர்ந்துபோனது. அவள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கி, “உள்ள வாங்கக்கா, குளிருது” என்றாள். ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்தாள். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. “தப்பு பண்ணிட்டேம்மா” என்று மட்டும் வந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நீங்க சாப்பிடறது தப்புன்னு நான் நெனச்சதே இல்லக்கா. உங்களுக்கு அது பொங்கல். நான் முப்பது வருஷம் கும்பிட்ட எடத்த விட்டு வந்தவ. அதை வாயில வச்சா, திரும்பிப் போயிட்ட மாதிரி ஆயிடுது எனக்கு. அன்னிக்கு முதல் வாயிலயே எங்க ஊர்க் கோயில் ஞாபகம் வந்துச்சு. அக்காதான் வீட்ல செஞ்சதுன்னு சொல்லிட்டாங்களே, நமக்குத்தான் புத்தி சரியில்லன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அப்புறம் நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அதுலேருந்து முழங்கால் போட்டா ஜெபம் வரல.”

என் கண் நிறைந்துவிட்டது. “இனிமே நானும் பிரசாதம் தொடமாட்டேன்” என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அய்யோ, வேண்டாங்க்கா! மாடிவீட்டம்மா எவ்ளோ ஆசையா கொண்டு வர்றாங்க. நீங்க வாங்கிச் சாப்பிடுங்க. எனக்கு மட்டும் உண்மையச் சொல்லிடுங்க, போதும்.”

அன்று இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். அவள் வாய் திறந்து ஜெபிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கூட்டத்துக்கு அவள் திரும்பி வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. வந்த அன்று, அவளைப் பார்த்துச் சிரித்த இரண்டு பேரும் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் அவள் சாப்பிடுவதில்லை, நான் சாப்பிடுகிறேன். ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறோம்.

எங்கள் இருவரில் நான்தான் பலமான விசுவாசி என்று நினைத்திருந்தேன்; நான் ஏமாற்றிய பிறகும் என்னை உள்ளே கூப்பிட்டுக் குளிர்காய வைத்தவள் அவள்தான் என்பது, யாரையாவது திருத்தலாம் என்று நாக்கு துறுதுறுக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வந்துவிடுகிறது.