டார்ச் பிடித்தவர்

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் அந்தக் கார். வானவடியில் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்த ராணுவ அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனார். கார் என்னைவிடச் சில வயதுதான் இளையது. கார்புரேட்டர், தீப்பொறி உண்டாக்கும் பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் பழைய முறை. காலமெல்லாம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவளுக்கு, மூடியைத் திறந்து பார்த்தால் புரிந்துவிடுகிற இயந்திரம் ஒன்று கிடைத்ததில் அப்படி ஒரு சந்தோஷம். பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் பாயிண்ட் இடைவெளி வைக்கவும் நானே கற்றுக்கொண்டேன். நினைத்தபோது சாஸ்வட் பக்கம் தனியாக ஓட்டிப் போய், அத்திப்பழம் வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் அது மக்கர் செய்யத் தொடங்கியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. வழியில் கோந்த்வா தாண்டியதும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு தயக்கம். அப்புறம் குலுங்கும், திணறும், நின்றுவிடும். சற்று நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

சூடானதும் நிற்கிறது என்றால் கண்டென்சராக இருக்கும் என்று மாற்றினேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. பிளக்குகளை மாற்றினேன். பெட்ரோல் பம்பைப் பிரித்து உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டைப் பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றி அடியில் தங்கிய கசடைக் கழுவினேன்.

இதெல்லாம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அரை இருட்டான பார்க்கிங்கில் நடந்தது. என் கணவர்தான் டார்ச் பிடிப்பார். தாபோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். அவராகக் கையை வைக்க மாட்டார். பக்கத்தில் நின்று, "கார்புரேட்டராத்தான் இருக்கும். பழசு இல்லியா, அப்படித்தான் படுத்தும்" என்பார். ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். டீ போட்டுக் கொண்டுவருவார். கார் சரியாகாத எரிச்சலிலும் எனக்கு அந்தச் சாயங்காலங்கள் பிடித்திருந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையில் குனிந்து நின்று எத்தனையோ காலமாகியிருந்தது.

கோந்த்வாவில் ஒரு மெக்கானிக்கிடமும் காட்டினேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "பேச் தோ, மேடம்" என்றார். விற்றுவிடச் சொல்கிறார். "அவனே சொல்றான் பாரு" என்றார் என் கணவர். எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு இதில் இறங்கியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

ஒரு நாள் காலை மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் கம்பி ஏற்றிய லாரி. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி கண்ணாடியில் பார்க்கிறேன், லாரியின் முகம் முழுக்கக் கண்ணாடியை அடைத்துக்கொண்டு வருகிறது. ஒரு முழ இடைவெளியில் அது நின்றது. லாரி ஓட்டுநரே இறங்கி வந்து, மராட்டியில் ஏதோ திட்டிக்கொண்டே, வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக டாங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. உடனே சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காகத்தான் மூடியில் சின்னத் துளை இருக்கும். துளை அடைத்துவிட்டால் டாங்கில் வெற்றிடம் உண்டாகும், பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. மெதுவாக எங்கிருந்தாவது காற்று கசிந்து வந்த பிறகுதான் மறுபடி ஓடும். தண்ணீர் நிரப்பிய டப்பாவில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்து, வகுப்பில் வருஷாவருஷம் நான் செய்து காட்டிய சோதனை அது. மூடியை முழுக்க இறுக்காமல் வீடு வரைக்கும் ஓட்டினேன். ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

பார்க்கிங்கில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். துளையில் அழுக்கு இல்லை. குழாய் ஒழுகினால் பிசைந்து ஒட்டுவோமே, அந்தச் சாம்பல் நிறப் பசை. உள்பக்கம் வழித்து, சமமாகத் தடவி, காயவிட்டிருந்தது.

மாடிக்கு ஓடினேன். "அந்த மெக்கானிக் என்ன பண்ணி வச்சிருக்கான் பாருங்க" என்று மூடியை நீட்டினேன். அவனிடம் போவதற்கு முன்பே கார் நின்றுகொண்டிருந்தது என்பது அந்த வேகத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

என் கணவர் அது என்ன என்று கேட்கவில்லை. அதை வாங்கவும் இல்லை.

"அவன் இல்ல" என்றார்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. அவரே சொன்னார். "உனக்கு அன்னிக்குத் தலை சுத்தினதுலேர்ந்து எனக்கு நிம்மதியே இல்ல."

மழைக்கு முன்னால் ஒரு நாள் சமையலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். காதில்தான் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள். சரியாகிவிட்டது.

"வண்டி ஓட்டலாம்னு டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னார்?"

"சொன்னார். நான் வேண்டாம்னு சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"நீங்க சொல்லவே இல்லையே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுவா நின்னு நின்னு போச்சுன்னா, நீயா விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"இன்னிக்குப் பாலத்துல நின்னுது. பின்னாடி லாரி."

அவர் முகம் மாறியது. "அதை நான் யோசிக்கல" என்றார் மெதுவாக.

அதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. "நான் கண்டென்சர் மாத்தறப்ப டார்ச் பிடிச்சீங்களே, அப்ப என்ன நெனச்சுட்டு நின்னீங்க?" என்று கேட்டேன்.



பெங்களூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு அழுதுவிடலாம் என்று போனை எடுத்தேன். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் அவள், "அம்மா, அப்பா ரொம்ப டென்ஷனா இருந்தாங்க. உன் சேஃப்டிக்குத்தானே" என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஸ்டார்ட்டிங்லேர்ந்தே" என்றாள். வாராவாரம் "கார் என்னாச்சும்மா?" என்று கேட்டவள். பம்பைப் பிரித்ததையும் கசடைக் கழுவியதையும் நான் விலாவாரியாகச் சொல்ல, கேட்டுக்கொண்டே இருந்தவள். நான் போனை வைத்துவிட்டேன்.

புது மூடி வாங்கிப் போட்டேன். கார் நன்றாக ஓடுகிறது. வீட்டில் சண்டை என்று ஒன்றும் இல்லை. சேர்ந்துதான் சாப்பிடுகிறோம், மகளோடும் பேசுகிறேன், காரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. போன வாரம் நான் வாயி என்ற ஊர் வரைக்கும் போகக் கிளம்பியபோது, என் கணவர் எனக்கு முன்னால் கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, ஆயிலும் தண்ணீரும் பார்த்துவைத்திருந்தார். "எல்லாம் சரியா இருக்கு. பாத்துப் போயிட்டு வா" என்றார். சரி என்றேன்.

அவர் லிஃப்டில் ஏறி, கதவு மூடுகிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு பானெட்டை மறுபடி திறந்து, ஒவ்வொன்றாக நானே பார்க்கத் தொடங்கினேன்.