கூப்பிட்டவள்

காப்பி குடிக்கும்போதுகூடக் கெர்டா ஓஸ்ட்பி அதை வாயிலிருந்து எடுப்பதில்லை. லாட வடிவில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் துண்டு. நாக்கால் தள்ளிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குடிப்பாள், பேசுவாள், பொதி சுமக்கும் கோவேறு கழுதையைத் திட்டுவாள். "அடியே டாலி, மகாராணிக்குப் பல்லக்கு வந்தாத்தான் நகருவியா?" என்பதுகூட வாயில் எதையோ குதப்பிக்கொண்டு பேசுவதுபோலத்தான் வரும். காட்டைவிட்டு இறங்கி, கூடாரத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகே ரப்பர் வெளியே வரும்.

அதுதான் அவள் பிழைப்பு. மேல்வாயில் ஒட்டவைத்து ஊதினால் பெண் எல்க் மானின் சிணுங்கல் அப்படியே வரும். செப்டம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மலைச்சரிவெல்லாம் துணை தேடிப் பிளிறித் திரியும் கொம்பன் மான்கள் அதைக் கேட்டுப் புத்தி கெட்டு ஓடிவரும். வந்து நிற்பது துப்பாக்கிக்கு முன்னால். சும்மா சொல்லக் கூடாது, நிஜப் பெண் மான்களே ஏமாந்து திரும்பிப் பார்க்கும்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. எதைத் தொட்டாலும் முகர்ந்து பார்க்கிற பழக்கம்: ரொட்டி, சேணம், மழைக்கு முந்தைய மண், எல்லாம். குளிர்காலத்துக்கு அவள் வீட்டில் மான் இறைச்சி இருக்கும். சுவரில் ஒரு கொம்புகூட இருக்காது. கேட்டால், "தொப்பி மாட்டத்தான் ஆணி இருக்கே" என்பாள். கள்ளக் குரல்காரி என்று ஊரில் கேலி செய்வார்கள். அவளுக்குக் கோபம் வராது. "ஆமா, பொய் சொல்லித்தான் கூப்பிடுறேன். கூப்பிட்டவ நான்தானே, அது இழுபறி இல்லாம சாகுதான்னு பாக்க வேண்டியதும் நான்தான்."

வேட்டைக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் சாப்பாட்டிலேயே சட்டத்தைச் சொல்லிவிடுவாள். "ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும் அதுதான் உங்க மான். கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. அனுமதிச்சீட்டு ஒண்ணு, மானும் ஒண்ணு. விழுந்த மான்மேல சீட்டைக் கட்டிட்டா வேட்டை முடிஞ்சுது." வாய் நிறைய உணவோடு எல்லாரும் தலையாட்டுவார்கள். முகாம் முதலாளி மார்வ் மட்டும் கூரையைப் பார்ப்பான். போன வருஷம் மானைக் காயப்படுத்தித் தவறவிட்ட ஒருவரை இந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் கெர்டா ஊருக்கு அனுப்பினாள்; அவர் தன் சிநேகிதர்கள் அத்தனை பேரையும் வேறு முகாமுக்குக் கூட்டிப் போய்விட்டார். "இன்னொரு தடவை இப்படிப் பண்ணினே, அப்புறம் ஒனக்கு மலை கெடையாது. சமையக்கட்டுதான்" என்று மார்வ் சொல்லியிருந்தான். அவளுக்குச் சமைக்கவும் வராது என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த செப்டம்பரில் வந்தவர் ஒஹையோவில் கூரைத் தகடு விற்கும் கிரெய்டன். தங்கமான பேச்சு, அவசரக் கை. கெர்டா சிணுங்க, இளம் கொம்பன் ஒன்று மரங்களுக்கிடையிலிருந்து தலையை நீட்டியது. அவள் கைகாட்டும் முன்பே சுட்டுவிட்டார்.

"தவறிடுச்சு" என்றார், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

கெர்டா போய்ப் புல்லைக் கிள்ளி முகர்ந்தாள். ரத்தம் ஒரு துளிதான். புளித்த தழையின் நாற்றம். குண்டு குடலில் பட்டிருக்கிறது.

"பட்டிருக்கு."

"நான் சுட்டவன், எனக்குத் தெரியாதா? அந்த ரத்தம் வேற எதோடதாவது இருக்கும்."

அதே நேரம் பார்த்து மேலே பாறைப் பக்கம் இன்னொன்று பிளிறியது. மலையே அதிரும் கனத்த குரல். கிரெய்டன் கண்கள் விரிந்தன. அவர் இத்தனை தூரம் வந்தது அந்த மாதிரிக் கொம்புக்குத்தான்.

குடலில் பட்டதை உடனே துரத்தினால், மலை தாண்டி ஓடி யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடந்து நாள் முழுக்கச் சாகும். அது படுக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். கிரெய்டன் வாக்கி-டாக்கியை எடுத்து மார்விடம் முறையிட்டார். மார்வ் கெர்டாவைக் கூப்பிட்டான்.

"அம்மா தாயே, அவர் தவறிடுச்சுங்கிறார். நீ ஏன் வம்புக்கு நிக்கிறே? பெரிசு பக்கத்துலயே இருக்காம். கூப்பிட்டுக் குடு."

"மோந்து பாத்துட்டேன் மார்வ்."

"ஒன் மூக்கா எனக்கு அடுத்த வருஷம் சோறு போடும்?"

அவள் வாக்கி-டாக்கியைக் கிரெய்டனிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த மலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

வெயில் ஏறியபின் தடம் பிடித்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். காற்றில் சாய்ந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த இடத்தில் ரத்தம் நின்றுபோனது. உள்ளே எங்கேயும் படுத்திருக்கலாம். மிதித்துக்கொண்டு போனால் கலைந்து ஓடிவிடும். இருந்தது ஒரே வழி. கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பெரியதும் கேட்கும்.

கிரெய்டனுக்கும் அது புரிந்திருந்தது. துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கெர்டா மெல்லச் சிணுங்கினாள். இடப்பக்கம், விழுந்த மரத்துக்கு அப்பால், ஒரு கொம்பு அசைந்தது. காயம்பட்டது படுத்தபடியே கரகரத்த குரலில் பதில் சொன்னது. குடல் கிழிந்து கிடக்கிற நிலையிலும் அது அவள் குரலை நம்பியது. பாவி நான், என்று நினைத்துக்கொண்டாள்.

வலப்பக்கம் கிளைகள் முறிந்தன. பெரியது வந்தேவிட்டது. கொம்பு முதுகுவரை சாய்ந்து கிடக்க, மூக்கில் ஆவி பறக்க, விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. கிரெய்டனின் குழல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்ந்தது.

"அது உங்களோடது இல்ல" என்று முணுமுணுத்தாள்.

"உஷ். இன்னொரு தடவை கூப்பிடுங்க. ஒரு அடி முன்னால வரட்டும்."

துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு விலகும் சத்தம் கேட்டது. கெர்டா வாய்க்குள் இரண்டு விரலை விட்டு ரப்பரை எடுத்தாள்.

"ஓடு!"

மனுஷக் குரல், அவளுடைய சொந்தக் குரல், தெளிவாக வந்தது. பெரியது அந்தரத்தில் திரும்பியதுபோலத் திரும்பி, கிளைகளை உடைத்துக்கொண்டு மறைந்தது. காயம்பட்டதும் எழப் பார்த்தது. முன்னங்கால் மட்டும்தான் எழுந்தது.

கிரெய்டன் முகம் வெளுத்துப் போயிற்று. "ஒங்க வேலை போச்சு. தெரியுதா?"

"தெரியும். முன்னங்காலுக்குப் பின்னால, நெஞ்சுக்கூட்டுல. மெதுவா மூச்சை விட்டுச் சுடுங்க. அது காத்துக்கிட்டிருக்கு."

அவர் அவளைப் பார்த்தார், மானைப் பார்த்தார். வெகுநேரம் குழல் நிலைகொள்ளவில்லை. பிறகு சுட்டார். இந்த முறை குண்டு சரியாகப் பட்டு மான் சாய்ந்தது.

மான் விழுந்ததும் கைகுலுக்குவது வேட்டைக்காரர் வழக்கம். கோபத்திலும் பழக்கம் விடவில்லை. கிரெய்டனின் கை தானாக நீண்டது. கெர்டா ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். பிறகு தன் கையை உள்ளங்கை மேலாகத் திருப்பி, அனுமதிச்சீட்டுக்காக நீட்டினாள்.